ஸ்ட்ராட் வகை கிட்டாரில் பத்து செட் மாட்டியதும் ஆக்‌ஷன் ஏறிவிட்டது: ட்ரஸ் ராடா, சேடிலா, எதை முதலில் தொடுவது?

புதுத்தந்தி எழுதியது:

ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார். ஸ்கேல் 25.5 இன்ச், போல்ட் போட்ட நெக், ஃப்ரெட்போர்டு ரேடியஸ் 9.5 இன்ச், ஆறு ஸ்க்ரூ ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியை அழுத்தினா சாய்ஞ்சு சுருதியை மாத்தும்), பின்பக்கம் மூணு ஸ்ப்ரிங். முன்னாடி 009-042, அதாவது ஒன்பது செட் இருந்தது (எண் ஸ்ட்ரிங்கோட தடிமன், இன்ச்சுல ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு). இப்போ 010-046, அதாவது பத்து செட் மாட்டியிருக்கு. அதே ஸ்டாண்டர்டு டியூனிங்தான்.

மாட்டின பிறகு ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கும் உயரம், ஏறிடுச்சு. 12ஆம் ஃப்ரெட்டில் ஃப்ரெட்டோட தலையிலிருந்து ஸ்ட்ரிங்கோட அடி வரைக்கும் அளந்தா 6ஆம் ஸ்ட்ரிங் 2.8 மி.மீ., 1ஆம் ஸ்ட்ரிங் 2.3 மி.மீ. வருது. முதல் ஃப்ரெட்ல எஃப் பாரே (ஒரே விரலால ஆறு ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் கார்டு) பிடிக்க ரெண்டு மடங்கு அழுத்த வேண்டியிருக்கு. சேடிலை (பிரிட்ஜ்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சின்னத் துண்டு) இறக்கிப் பார்த்தா 1ஆம் ஸ்ட்ரிங் சேடில் பிரிட்ஜ் பிளேட்டைத் தொட்டு நிக்குது, அதுக்கு மேல இறங்க இடமில்லை.

ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள ஓடும் உலோகக் கம்பி) அரைச் சுற்று இறுக்கினா ஆக்‌ஷன் இறங்கிடும்னு சில வீடியோக்கள்ல சொல்றாங்க. ராடைத் தொடாதேன்னு சிலர் சொல்றாங்க. ராடை இன்னும் தொடலை. எதுலேருந்து ஆரம்பிக்கணும், எந்தப் பக்கம் திருப்பணும், எங்கே நிறுத்தணும்?


ஆலன்கீ எழுதியது:

ராடும் வேண்டாம், சேடிலும் வேண்டாம். முதலில் கிட்டாரைப் பக்கவாட்டில் பிடித்து பிரிட்ஜின் பின்விளிம்பைப் பாருங்கள். பிளேட்டுக்கும் உடலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? ஸ்ட்ராட்டை உருவாக்கிய ஃபெண்டர் நிறுவனம் கொடுக்கும் அளவு 3.2 மி.மீ. உங்களுடையது 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

காரணம் எளிது. ஒன்பது செட் 25.5 இன்ச் ஸ்கேலில் சுமார் 38 கிலோ இழுக்கும், பத்து செட் சுமார் 47 கிலோ. மிதக்கும் ட்ரெமலோ ஒரு தராசு மாதிரி. ஒரு தட்டில் ஸ்ட்ரிங், இன்னொரு தட்டில் ஸ்ப்ரிங். ஸ்ட்ரிங் பக்கம் 9 கிலோ கூடியதும் பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்விளிம்பு 2 மி.மீ. தூக்கினால் சேடில் இருக்கும் இடம் ஏறக்குறைய 1 மி.மீ. தூக்கும். 12ஆம் ஃப்ரெட் ஸ்கேலின் சரிபாதியில் இருப்பதால் அங்கே 0.5 மி.மீ. கூடும். நீங்கள் சொல்லும் ஏற்றத்தில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். அதே 9 கிலோ நெக்கையும் முன்னால் வளைத்திருக்கும், மீதி அதிலிருந்து. சேடிலை இறக்கி இதை ஈடுகட்டப் பார்த்ததால்தான் அது தரை தட்டிவிட்டது.

பின்மூடியைக் கழற்றினால் ஸ்ப்ரிங்குகள் மாட்டியிருக்கும் கொக்கித் தகடு தெரியும், அதில் இரண்டு நீள ஸ்க்ரூ. இரண்டையும் சம அளவில் அரைச் சுற்று உள்ளே விடுங்கள். இப்போது எல்லா ஸ்ட்ரிங்கும் சுருதி ஏறியிருக்கும். ஆறையும் இறக்கி டியூன் செய்யுங்கள். பிறகு இடைவெளியை அளங்கள். மறுபடி அரைச் சுற்று, மறுபடி டியூன். ஒவ்வொரு முறையும் டியூன் செய்யாமல் எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை. தராசு சமமாக நிற்கும்போதுதான் அளக்கலாம். ஸ்க்ரூ மரத்தில் கடினமாகப் போனால், தலை தேய்வதற்கு முன் நிறுத்தி நாலாவது ஸ்ப்ரிங் ஒன்றைச் சேர்த்துவிட்டு ஸ்க்ரூவைச் சற்று வெளியே விடுங்கள்.

3 மி.மீ.க்கு வந்த பிறகுதான் நெக்.

1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். 6ஆம் ஸ்ட்ரிங்கை 17ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங்தான் உங்கள் நேர்கோட்டு அளவுகோல். 8ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ரிலீஃப், அதாவது நெக்கின் வளைவு. 9.5 முதல் 12 இன்ச் ரேடியஸ் வரை ஃபெண்டர் சொல்வது 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லையென்றால் பழைய 010 ஸ்ட்ரிங்கில் ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் தடிமனே 0.25 மி.மீ.தான். 6ஆம் ஸ்ட்ரிங்கை அசைக்காமல் அடியில் நழுவிப் போனால் சரி. தாராளமாக ஆடினால் வளைவு அதிகம், ஸ்ட்ரிங்கைத் தூக்கினால் குறைவு. 1ஆம் ஸ்ட்ரிங்கிலும் இதையே செய்து பாருங்கள். இரண்டு பக்கமும் வெகுவாக வேறுபட்டால் நெக் முறுக்கியிருக்கிறது. அதை ராடால் சரிசெய்ய முடியாது.

ராடின் முனையை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகாரச் சுற்றில் திருப்பினால் இறுகும், நெக் நேராகும், வளைவு குறையும். எதிர்ச்சுற்றில் தளரும், ஸ்ட்ரிங் இழுக்கும் பக்கம் வளையும். முனை ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) இருந்தாலும் நெக்கின் அடியில் இருந்தாலும் இதே விதிதான். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், பழக்கமில்லாத கிட்டாரில் அரைக்கால் சுற்று. டியூன் செய்து மறுபடி அளங்கள். மரம் உடனே முழுசாக நகர்ந்துவிடாது, மறுநாள் ஒரு முறை அளந்து பாருங்கள்.

வீடியோக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ராடை இறுக்கினால் 12ஆம் ஃப்ரெட் உயரமும் குறையும். ஆனால் அது பக்கவிளைவு. ஸ்ட்ரிங் அதிரும்போது நடுவில்தான் அகலமாக ஆடும், அந்த ஆட்டத்துக்கு இடம்விடத்தான் இந்தச் சின்ன வளைவு. உயரத்தைக் குறைக்கிறேன் என்று அதை முழுக்கத் தின்றுவிட்டால் முதல் ஐந்து ஃப்ரெட்டில் இரைச்சல் வரும். அப்புறம் அதை மறைக்கச் சேடிலைத் தூக்க வேண்டும். மேல் ஃப்ரெட்டுகள் முன்னைவிட உயரமாகிவிடும். கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1923-இல் இந்த ராடுக்குக் காப்புரிமை பெற்றதும் நெக்கை நேராக வைத்திருக்கத்தான், ஸ்ட்ரிங் உயரத்துக்காக அல்ல.

நெக் முடிந்ததும் சேடில். கடைசியில் இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்கச் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்துவது. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.


நட்டுவாங்கம் எழுதியது:

ஆலன்கீ சொன்னதோட ஒரு எச்சரிக்கை. நம்ம பேச்சுல ராடை இறுக்குற திருகும் நட்டுதான், ஃப்ரெட்போர்டு தலைமாட்டில ஸ்ட்ரிங் உட்காரும் கட்டையும் நட்டுதான். "நட்டைக் கொஞ்சம் இறக்கு"ன்னு ஒருத்தர் சொல்லி, இன்னொருத்தர் ராடைத் திருகி வச்ச கதையெல்லாம் நடக்கும். நான் கீழே ராட் திருகு, எலும்பு நட்டுன்னு பிரிச்சே எழுதறேன். உங்களுது பிளாஸ்டிக்கா இருந்தாலும் எலும்பு நட்டுதான்.

ராட் திருகுக்குச் சாவி அளவு முக்கியம். ஆசியாவில செஞ்ச ஸ்ட்ராட் வகையில பெரும்பாலும் 4 மி.மீ. இல்ல 5 மி.மீ. ஆலன் கீ. அமெரிக்க ஃபெண்டர்ல நிறைய 1/8 இன்ச். கிப்சன்ல ஆலன் கீ கிடையாது, 5/16 இன்ச் பெட்டிச் சாவி. "கிட்டத்தட்ட சேருது"ன்னு ஒரு சாவியைப் போட்டு முறுக்கினீங்கன்னா அறுகோணம் உருண்டை ஆயிடும், அப்புறம் அந்தத் திருகை வெளிய எடுக்கறதே தனி வேலை. சாவி அடி வரைக்கும் இறங்கி, ஆட்டினா ஆடாம நிக்கணும்.

இறுக்கறதுக்கு முன்னாடி அரைக்கால் சுற்று தளர்த்திப் பாருங்க. நகருதான்னு தெரியும், காய்ஞ்சு பிடிச்சிருந்தா விடும். அதுக்கப்புறம் இறுக்கும்போது எதிர்ப்பு நிதானமா கூடணும். திடீர்னு சுவர் மாதிரி நின்னா நிறுத்துங்க. அங்கே பலத்தைக் காட்டினா ஒண்ணு மரை போகும், இல்ல ராட் அறுந்து போகும். கடினமா இருந்தா ஸ்ட்ரிங்கை ரெண்டு மூணு சுருதி இறக்கி, நெக்கை முட்டியில வச்சு லேசா பின்னால வளைச்சுப் பிடிச்சுக்கிட்டே திருப்புங்க. நேராக்குற வேலையைக் கை செய்யும், ராட் அதைப் பிடிச்சு வச்சா போதும்.

இன்னொண்ணு. ஒருவழி ராட், இருவழி ராட்னு ரெண்டு இருக்கு. இருவழி ராடுல நடுவுல ஒரு இடத்துல எதிர்ப்பே இல்லாம சுத்தும். ராட் உடைஞ்சிடுச்சோன்னு பயப்பட வேண்டாம், அது நடுநிலை. ஒருவழி ராடு முழுசா தளர்ந்து, ஸ்ட்ரிங் முழு இழுவையில இருந்தும் நெக் பின்னால வளைஞ்சு நின்னா அதுக்கு மேல ராடால ஒண்ணும் ஆகாது.


புதுத்தந்தி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. பிரிட்ஜ் பின்னாடி அளந்தா 5.5 மி.மீ.! கொக்கி ஸ்க்ரூ ரெண்டையும் மொத்தம் ரெண்டே கால் சுற்று உள்ளே விட்டு இப்போ 3 மி.மீ. ரிலீஃப் 0.45 இருந்தது. கால் சுற்று, அப்புறம் இன்னொரு அரைக்கால் சுற்று. மறுநாள் அளந்தப்போ 0.25. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், முறுக்கல் இல்லை.

சேடில் எல்லாம் சரிபண்ணி 12ஆம் ஃப்ரெட்ல 6ஆம் ஸ்ட்ரிங் 1.8, 1ஆம் ஸ்ட்ரிங் 1.5. நடுப்பகுதி அருமையா இருக்கு. மூணு பிரச்சினை மிச்சம்:

அ) 1ஆம் ஸ்ட்ரிங்கை 14ஆம் ஃப்ரெட்ல ஒரு முழு டோன் பெண்ட் பண்ணினா (பக்கவாட்டில தள்ளிச் சுருதியை ஏத்தினா) பாதியில ஒலி செத்துப் போகுது. 13லயும் 15லயும் அப்படி இல்லை.
ஆ) எஃப் பாரே இன்னும் கஷ்டம். முதல் ஃப்ரெட்ல பிடிக்கும் எல்லா கார்டும் சுருதி கொஞ்சம் தூக்கலா கேட்குது.
இ) 1ஆம் ஸ்ட்ரிங் சேடில் இன்னும் பிளேட்டில் படுத்துக்கிட்டுதான் இருக்கு. ஸ்க்ரூ தலை மேலே நீட்டிக்கிட்டு உள்ளங்கையில குத்துது.

அப்புறம் ஒரு சந்தேகம். ஃபெண்டர் அளவு 1.6 மி.மீ.ன்னு படிச்சேன், கிப்சனுக்கு 2.0, 1.2ன்னு. எதைப் பிடிக்கறது?


ஆலன்கீ எழுதியது:

சந்தேகம் முதலில். இரண்டும் ஒரே இடத்தில் அளந்தவை அல்ல. ஃபெண்டர் 17ஆம் ஃப்ரெட்டில் அளக்கிறது: உங்கள் ரேடியஸுக்கு இரு பக்கமும் 1.6 மி.மீ. கிப்சன் 12ஆம் ஃப்ரெட்டில்: 6ஆம் ஸ்ட்ரிங் 2 மி.மீ., 1ஆம் ஸ்ட்ரிங் 1.2 மி.மீ. ஒருவர் எண்ணைக் கொண்டுபோய் மற்றவர் ஃப்ரெட்டில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் 1.8, 1.5 நல்ல இடம். எண்ணைத் துரத்தாதீர்கள், பலமாக மீட்டுபவர் கைக்கு இன்னும் 0.2 கூட வேண்டியிருக்கும்.

நடு நாலு ஸ்ட்ரிங்குகளையும் 12ஆம் ஃப்ரெட்டில் அளந்தே வைத்தீர்களா, கண்ணால் பார்த்தா? 6லிருந்து 1 வரை 1.8, 1.8, 1.7, 1.7, 1.6, 1.5 என்று படிப்படியாக இறங்கினால் போதும். ஃப்ரெட்டிலிருந்து அளப்பதால் ஸ்ட்ரிங்குகள் தாமாகவே 9.5 இன்ச் வளைவில் அமர்ந்துவிடும், தனியாக ரேடியஸ் அட்டை தேவையில்லை. சேடிலின் இரண்டு ஸ்க்ரூவும் சமமாக இருக்கட்டும். ஒன்று தூக்கியிருந்தால் சேடில் சாய்ந்து பக்கத்து சேடிலோடு உரசும், ஸ்ட்ரிங் பக்கவாட்டில் நகரும். ஆசிய பிரிட்ஜுகளில் அந்த ஸ்க்ரூ பொதுவாக 0.5 மி.மீ. மரை: ஒரு முழுச் சுற்றுக்குச் சேடில் 0.5 மி.மீ. நகரும், 12ஆம் ஃப்ரெட்டில் 0.25. இதை மனதில் வைத்தால் குத்துமதிப்பாகத் திருக வேண்டியதில்லை. தூக்கும்போது அந்த ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். அந்தக் குட்டி ஸ்க்ரூவின் அறுகோணம் அத்தனை இழுவையைத் தாங்காது.

இனி 14ஆம் ஃப்ரெட். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அது ராடும் இல்லை, சேடிலும் இல்லை, ஃப்ரெட். பெண்ட் செய்யும்போது 1ஆம் ஸ்ட்ரிங் போர்டின் ஓரத்திலிருந்து நடுமுதுகை நோக்கி ஏறுகிறது. 14இல் அழுத்தியிருக்கும்போது அது மோதுவது 14இல் அல்ல, அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு ஃப்ரெட்டின் நடுப்பகுதியில். நேரான விளிம்புள்ள ஒரு சின்னத் தகட்டை, பழைய பிளாஸ்டிக் கார்டின் விளிம்பு நேராக இருந்தால் அதையே, மூன்று ஃப்ரெட்டை மட்டும் தொடுமளவு வெட்டி, 14-15-16, 15-16-17, 16-17-18 என்று மேலே வைத்து இரு முனையையும் மாறி மாறித் தட்டுங்கள். நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் தகடு "டக் டக்" என்று ஊஞ்சல் ஆடும். போர்டின் ஓரம், 3ஆம் ஸ்ட்ரிங்குக்குக் கீழே, நடு என்று மூன்று இடத்தில் பாருங்கள். ஓரத்தில் ஆடாமல் நடுவில் ஆடினால் உங்கள் குற்றவாளி அதுதான்.

அந்த ஃப்ரெட்டை விரல்நகத்தால் அழுத்திப் பாருங்கள். இறங்கி எழுந்தால் அடி விட்டுப்போயிருக்கிறது. மரத்துண்டு வைத்து லேசாகத் தட்டி, ஓரத்தில் ஒரு சொட்டு மெல்லிய சூப்பர் க்ளூ. அசையவே இல்லையென்றால் அதன் தலையைச் சீவ வேண்டும். ஒற்றை ஃப்ரெட்டை அரத்தால் தேய்ப்பது எளிதாகத் தெரியும். தேய்த்த பிறகு தலை தட்டையாக நிற்கும், அதை மறுபடி உருட்டிவிடாவிட்டால் அந்த ஒரு சுரம் மட்டும் மங்கலாகக் கேட்கும். இந்த வேலைக்கு ஃப்ரெட் வேலை செய்பவரிடம் கொடுப்பதுதான் என் கருத்து. அதுவரை 1ஆம், 2ஆம் ஸ்ட்ரிங்கை 0.1 மி.மீ. தூக்கிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே அடங்கும்.


நட்டுவாங்கம் எழுதியது:

ஆ) நம்ம இலாகா.

கேப்போவை 1ஆம் ஃப்ரெட்ல போட்டு, 2ஆம் ஃப்ரெட்ல பாரே பிடிங்க. வெண்ணெய் மாதிரி இருக்கா? அப்போ சேடிலையும் ராடையும் இனி தொடாதீங்க, எலும்பு நட்டுதான் உயரம். கேப்போ போட்டா எலும்பு நட்டு கணக்கிலேயே வராது, அதனால இதைவிட நல்ல சோதனை கிடையாது. இதனாலதான் நான் எலும்பு நட்டைச் சேடிலுக்கு முன்னாடியே பார்க்கச் சொல்வேன். ஆலன்கீ வரிசையில அது விட்டுப்போச்சு.

சுருதி தூக்கலா கேட்கறதும் இதனாலதான். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டைத் தொட நீங்க அதிக தூரம் அழுத்தறீங்க, அழுத்த அழுத்த அது இழுபட்டுச் சுருதி ஏறுது. ஓபன் ஸ்ட்ரிங்கை டியூனர்ல சரியா வச்சுட்டு 1ஆம் ஃப்ரெட்ல சாதாரணமா அழுத்திப் பாருங்க. 1, 2 சென்ட் (அரை டோன்ல நூத்துல ஒரு பங்கு) தூக்கினா கண்டுக்க வேண்டாம். 8, 10 சென்ட்னா எலும்பு நட்டு பேசுது. இன்டொனேஷனை எத்தனை தடவை வச்சாலும் இது போகாது, ஏன்னா தப்பு அந்த முனையில இல்லை.

அளக்கறதுக்கு: ஸ்ட்ரிங்கை 3ஆம் ஃப்ரெட்ல அழுத்துங்க. 1ஆம் ஃப்ரெட்டுக்கு மேல இடைவெளி தெரியுதா? அங்கே ஸ்ட்ரிங்கை விரலால தட்டினா "டிக்"னு ஒரு சின்ன சத்தம் வரணும், இடைவெளி கண்ணுக்குத் தெரியும் தெரியாதுன்னு இருக்கணும். சத்தமே வரலைன்னா பள்ளம் ஏற்கனவே ஆழம். ஒரு காகிதத்தாள் தாராளமா நுழைஞ்சா உயரம். எதையும் அழுத்தாம ஓபன்ல 1ஆம் ஃப்ரெட்டுக்கு மேல அளந்தா 6ஆம் ஸ்ட்ரிங் 0.5 மி.மீ., 1ஆம் ஸ்ட்ரிங் 0.35 மி.மீ. பக்கம் வச்சுக்கலாம். ரிலீஃப் சரியான பிறகு அளந்ததா இருக்கணும், நீங்க அதை முடிச்சுட்டீங்க.

பத்து செட்டுக்கு மாறினதுல இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பள்ளம் ஒன்பது செட்டுக்கு வெட்டினது. 042 உட்கார்ந்த பள்ளத்துல 046 அடி வரைக்கும் இறங்காம தோள்ல தொங்கும். டியூன் பண்ணும்போது "கிண்"னு ஒரு சத்தத்தோட சுருதி தாவுதா? ட்ரெமலோவை அழுத்தி விட்டா சுருதி திரும்பி வரலையா? பள்ளம் பிடிக்குதுன்னு அர்த்தம். அகலப்படுத்தினாலே ஸ்ட்ரிங் இறங்கிடும், பாதி உயரம் அதுலயே போயிடும்.

அதுக்கு அளவு குறிச்ச நட் அரம் வேணும், ஸ்ட்ரிங்கைவிட ஒரு மயிரிழை அகலமா. 010க்கு 012 அரம், 046க்கு 048 இல்ல 050. ஸ்ட்ரிங்கைத் தளர்த்திப் பள்ளத்துலேருந்து பக்கத்துல நகர்த்தி வச்சுட்டு, ரெண்டு மூணு இழுப்பு, திரும்ப ஸ்ட்ரிங்கை வச்சு டியூன் பண்ணி, 3ஆம் ஃப்ரெட் சோதனை. திரும்ப ரெண்டு இழுப்பு. அரத்தோட வால் ஹெட்ஸ்டாக் பக்கம் சரியணும். ஸ்ட்ரிங் ஃப்ரெட்போர்டு பக்கத்து விளிம்புலதான் உட்காரணும். சரிவு தலைகீழா போனா ஸ்ட்ரிங் பள்ளத்துக்குள்ளேயே அதிர்ந்து சித்தார் மாதிரி ரீங்காரம் போடும். முடிச்சதும் மென்மையான பென்சில் முனையைப் பள்ளத்துல தேய்ச்சு விடுங்க.

ஒரே ஒரு இழுப்பு அதிகமானா ஓபன் ஸ்ட்ரிங் மட்டும் 1ஆம் ஃப்ரெட்ல அடிக்கும், அழுத்திப் பிடிச்ச சுரமெல்லாம் சுத்தமா இருக்கும். அப்படி ஆயிட்டா பள்ளத்துல கொஞ்சம் சமையல் சோடா தூவி மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டா கல்லாயிடும், திரும்ப வெட்டலாம். தாங்கும், ஆனா காலத்துக்கும் நிக்கும்னு எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண ஊசி அரம், ரம்பத் துண்டு, மடிச்ச உப்புத்தாள் எதையும் வச்சு முயற்சி பண்ணாதீங்க. பள்ளத்தோட அடி வளைவா இருக்கணும், அதுங்க அப்படி வெட்டாது, ஸ்ட்ரிங் கவ்விக்கும்.


ஆலன்கீ எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், எலும்பு நட்டை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் வெட்டுவதை மட்டும் நான் கடைசியில்தான் வைப்பேன். ராடையும் சேடிலையும் திருப்பித் திருகலாம், அரம் தின்றதைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் அளப்போம், கடைசியில் வெட்டுவோம்.


ஒற்றைச்சுருள் எழுதியது:

யாரும் பிக்கப்பை, அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளைச் சொல்லவில்லை. ஸ்ட்ரிங்கை இறக்கினால் அது காந்தத்தை நெருங்கும். மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரில், குறிப்பாகக் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் 6ஆம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுத்தால், 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைபாய்வது போலக் கேட்கும். டியூனர் முள் நிற்காது. இன்டொனேஷன் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சேடிலை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்தி, காந்தமுனைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவே அளங்கள். பழைய பாணி ஒற்றைச் சுருளுக்கு ஃபெண்டர் சொல்வது 6ஆம் பக்கம் 2.4 மி.மீ., 1ஆம் பக்கம் 2 மி.மீ. சந்தேகம் இருந்தால் மூன்றையும் நன்றாக இறக்கிவிட்டு இன்டொனேஷனை வையுங்கள், பிறகு காது கேட்டபடி தூக்குங்கள்.

இன்னொன்று, இரைச்சலைத் தேடும்போது ஆம்ப்பில் செருகி வாசியுங்கள். செருகாத கிட்டாரில் லேசாகக் கேட்கும் உலோகச் சத்தம் பெரும்பாலும் ஆம்ப்பில் வராது. அதற்காக ஆக்‌ஷனைத் தூக்கினால் நஷ்டம் விரலுக்குத்தான்.


மரமண்டை எழுதியது:

இ) சேடில் தரை தட்டினா நெக்கைச் சாய்க்கணும். போல்ட் நெக்கில இது பெரிய அறுவை இல்லை.

நெக் உட்காரும் குழியில பிரிட்ஜ் பக்கத்து ஓரத்துல மெல்லிய ஆப்பு வச்சா ஹெட்ஸ்டாக் பின்னால சாயும், ஸ்ட்ரிங் போர்டை நெருங்கும், அப்போ சேடிலைத் தூக்கலாம். கணக்கு இப்படி: குழி நீளம் சுமார் 76 மி.மீ. கால் டிகிரி ஆப்புன்னா தடிமனான முனை 0.33 மி.மீ., அதுக்குச் சேடில் ஏறக்குறைய 1 மி.மீ. மேலே வரும். அரை டிகிரின்னா 0.66 மி.மீ., சேடில் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. உங்களுக்குக் கால் டிகிரி போதும். அரை டிகிரி போட்டா சேடில் ரொம்ப ஏறி ஸ்க்ரூவோட நுனியில நடுங்கும்.

ஆப்பை எதிர்ப்பக்கம், அதாவது ஹெட்ஸ்டாக் பக்கத்து ஓரத்துல வச்சா எல்லாம் தலைகீழா நடக்கும், இருக்கிற உயரமும் கூடும். நிறைய பேர் சறுக்கும் இடம்.

குழி முழுக்கப் பரவும் மர ஆப்பு இருந்தா அதுதான் என் தேர்வு. இல்லைன்னா 0.3 மி.மீ. தடிமனுள்ள விசிட்டிங் கார்டு துண்டு, குழியோட அகலத்துக்கு, 12 மி.மீ. நீளத்துக்கு வெட்டி ஓரத்துல வச்சாலும் வேலை செய்யும். ரெண்டு முனையில மட்டும் நெக் தாங்கி நடுவுல காலி விழும், ஆண்டுக்கணக்கில அப்படியே இருந்தா நெக்கோட வால் மேல எழும்பலாம்னு ஒரு பேச்சு உண்டு. மெல்லிய துண்டுக்கு நான் கவலைப்படறதில்லை, தடிமனா அடுக்க மட்டும் வேண்டாம். ரப்பர், ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும் பொருள் கூடவே கூடாது.

ஸ்ட்ரிங்கை முழுசா தளர்த்தி, 1ஆம் ஃப்ரெட்ல கேப்போ போட்டுக்கங்க, ஸ்ட்ரிங் டியூனர் முளையிலேருந்து அவிழாது. பிரிட்ஜ் பின்னால சாயாம இருக்க அடியில ஒரு துணி மடிச்சு வைங்க. நாலு ஸ்க்ரூவையும் கழற்றி ஆப்பை வச்சு, திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதல்ல எதிர்ச்சுற்றில மெதுவா சுத்துங்க. ஒரு இடத்துல "டப்"னு இறங்கும். பழைய மரை அங்கே ஆரம்பிக்குது, அதுலேருந்து இறுக்குங்க. நேரா இறுக்கினா புது மரை வெட்டி ஓட்டையைப் பெருசாக்கிடும். குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி இறுக்கணும். 1ஆம், 6ஆம் ஸ்ட்ரிங் போர்டோட ரெண்டு ஓரத்துலேருந்தும் சம தூரத்துல ஓடுதான்னு பார்த்துட்டு கடைசி இறுக்கு.

சேடில் மேலே ஏறினா ஸ்க்ரூ தலை தானா உள்ள போயிடும், குத்தறதும் நிக்கும். அப்பவும் நீட்டினா ஓரத்து ரெண்டு சேடிலுக்கு மட்டும் குட்டை ஸ்க்ரூ போட்டுக்கங்க.


புதுத்தந்தி எழுதியது:

கால் டிகிரி ஆப்பு வச்சாச்சு, சேடில் எழுந்துடுச்சு, குத்தல் இல்லை. 15ஆம் ஃப்ரெட்டோட நடுவுல தகடு ஆடுது, அதை ஃப்ரெட் வேலைக்குக் கொடுக்கறேன். கேப்போ சோதனையில எலும்பு நட்டுதான்னு உறுதி, 6ஆம் ஸ்ட்ரிங் பள்ளத்துக்கு மேலேயே தொங்குது. அதையும் அதோட சேர்த்துக் கொடுத்துடறேன். இன்டொனேஷனை இப்பவே வைக்கலாமா, அந்த வேலை முடிஞ்சதும் வைக்கலாமா?


ஆலன்கீ எழுதியது:

முடிந்ததும். எலும்பு நட்டும் ஃப்ரெட்டும் மாறினால் எல்லாமே கொஞ்சம் நகரும். ஃப்ரெட் வேலைக்கு நெக்கைத் தனியாகக் கழற்றுவார்கள். திரும்பி வந்ததும் ஆப்பு அதே பக்கம் இருக்கிறதா, ரிலீஃப் இன்னும் 0.25தானா, பிரிட்ஜ் பின்னால் 3 மி.மீ.தானா என்று ஒரு முறை அளந்துவிடுங்கள். புது ஸ்ட்ரிங் போட்டு, நன்றாக இழுத்து நிலைக்கவிட்டு, 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (ஃப்ரெட்டுக்கு மேலே ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் தொட்டு மீட்டும் சுரம்) அதே ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது தூக்கலாக இருந்தால் சேடிலைப் பின்னால், தணிந்திருந்தால் முன்னால். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு மறுபடி டியூன்.

முடிந்ததும் சேடில்களை மேலிருந்து பாருங்கள். 1இலிருந்து 3 வரை படிப்படியாகப் பின்னால் போகும். 4ஆவது மறுபடி முன்னால் வந்து, அங்கிருந்து 6 வரை மீண்டும் பின்னால் போகும். 3ஆவது சுற்றில்லாத கம்பி, 4ஆவது சுற்றிய கம்பி, அதனால் நடுவில் அந்த ஒடிவு. ஒரே ஒரு சேடில் மட்டும் இந்த ஒழுங்கை விட்டு வெகுதூரம் விலகி நின்றால் சேடிலை விட்டுவிட்டு அந்த ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள்.